குளுக்கோஸ் உணரியின் வரலாறு

குளுக்கோஸ் உணரி என்பது இரத்தத்திலும் உடல் திரவங்களிலும் கலந்திருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கிடையே குளுக்கோஸ் மூலக்கூறை மட்டும் இனங்கண்டு, அதன் அளவை மின்னோட்டமாகவோ ஒளியாகவோ மாற்றிக் காட்டும் கருவியாகும். உயிர் உணரிகள் என்று அழைக்கப்படும் கருவிக் குடும்பத்தில் முதலில் பிறந்ததும், இன்றுவரை மிகுதியாகப் பயன்படுவதும் இதுவே. வீடுகளில் உள்ள குளுக்கோமீட்டர், அதில் செருகும் ஸ்டிரிப், கையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் வில்லை ஆகிய மூன்றும் இதன் வடிவங்கள்.

எந்த உயிர் உணரிக்கும் இரண்டு வேலைகள் உண்டு. தேடும் மூலக்கூறை மற்றவற்றிலிருந்து பிரித்து அறிவது ஒன்று. அறிந்ததைக் கருவிக்குப் புரியும் சைகையாக மாற்றுவது மற்றொன்று. குளுக்கோஸைப் பொறுத்தவரை முதல் வேலைக்கு உரிய பொருளை இயற்கையே செய்து வைத்திருந்தது. இரண்டாவது வேலைக்கு வழி காண்பதில்தான் பல பத்தாண்டுகள் கழிந்தன. அந்த அவசரத்தில் முதல் வேலையைக் கவனிக்கத் தவறியபோது நோயாளிகள் உயிரிழந்தார்கள்.

பூட்டும் சாவியும்

ஒரு நொதி எல்லாப் பொருளின் மீதும் செயல்படாமல் குறிப்பிட்ட ஒன்றன் மீது மட்டும் செயல்படுவது ஏன் என்பதை விளக்க, ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894-இல் பூட்டு–சாவி உவமையைக் கூறினார். சர்க்கரைகளின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, ஒரே அணுக்களைக் கொண்டு சற்றே மாறுபட்ட வடிவில் அமைந்த இரு சர்க்கரைகளை நொதி வேறுபடுத்தி அறிவது வியப்பளித்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பற்றிய சிந்தனை பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது. பூட்டும் சாவியும் அசையாத இரும்பு. நொதியோ வளைந்து கொடுக்கக் கூடியது. எனவே உவமை முழுப் பொருத்தம் உடையதன்று என்றாலும், வகுப்பறைக்கு இதைவிட எளிய உவமை இன்னும் கிடைக்கவில்லை.

1928-இல் டென்மார்க்கில் டெட்லெவ் முல்லர் என்பவர் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைக் கண்டறிந்தார். இந்த நொதி குளுக்கோஸைப் பிடித்து அதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. குளுக்கோஸ் குளுக்கோனிக் அமிலமாகவும், ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறுகின்றன. பிற சர்க்கரைகளை இந்த நொதி ஏறக்குறைய பொருட்படுத்துவதே இல்லை. எளிதில் பிரித்தெடுக்கலாம், மலிவானது, உலர வைத்தாலும் நெடுநாள் கெடாது. இத்தனை நல்ல குணங்கள் ஒருங்கே அமைந்த நொதிகள் மிகச் சில.

சிறுநீரிலிருந்து இரத்தத்துக்கு

நீரிழிவு நோயாளியின் சிறுநீர் இனிக்கும் என்பது பழங்கால மருத்துவர்களுக்கே தெரியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைச் சோதிக்கப் பயன்பட்டது பெனடிக்ட் கரைசல். பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்காத மாணவர் குறைவு. நீல நிறக் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும்.

இச்சோதனைக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, கரைசலில் உள்ள தாமிர அயனி குளுக்கோஸை அடையாளம் காண்பதில்லை. ஒடுக்கும் தன்மையுள்ள எந்தச் சர்க்கரை வந்தாலும் அது நிறம் மாறும். பிரக்டோஸ், லாக்டோஸ், மால்டோஸ் எல்லாம் அதற்கு ஒன்றுதான். இரண்டாவது, சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதே இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான். அதற்குக் கீழே இருக்கும் எந்த அளவையும் அது காட்டாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்து நோயாளி மயங்கும் நிலையிலும் கரைசல் அதே நீலமாக இருக்கும்.

முதல் குறையைத் தீர்த்தவர்கள் அமெரிக்காவில் மைல்ஸ் ஆய்வகத்தின் ஏம்ஸ் பிரிவில் பணியாற்றிய ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியர். குளுக்கோஸ் ஆக்சிடேஸையும் பெராக்சிடேஸ் என்ற மற்றொரு நொதியையும் ஒரு சாயப்பொருளையும் காகிதப் பட்டையில் தோய்த்து உலர்த்தினர். முதல் நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை இரண்டாம் நொதி கொண்டு சாயத்தை நிறம் மாற்றும். கிளினிஸ்டிக்ஸ் என்ற இப்பட்டை 1956-இல் வந்தது. நனைத்தால் போதும், கொதிக்க வைக்க வேண்டியதில்லை.

அதே நிறுவனத்தில் ஏர்னி ஆடம்ஸ் இம்முறையை இரத்தத்துக்கு மாற்றியமைத்தார். 1960-களின் நடுவில் வெளிவந்த டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ் பட்டையில் பெரிய சொட்டு இரத்தத்தை வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் வேறுபட்டது. நீரிழிவாலேயே பார்வை மங்கியவர்களுக்கு அது இன்னும் கடினம். இதைச் சரிசெய்ய ஆன்டன் கிளெமென்ஸ், பட்டையிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து முள் நகர்வாகக் காட்டும் ஏம்ஸ் மீட்டரை வடிவமைத்தார். 1970-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த அக்கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது.

நோயாளி தாமே அளந்து பார்ப்பது அன்று எவர் எண்ணத்திலும் இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து நீரிழிவு நோயாளியான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அந்த மீட்டரின் விளம்பரத்தைப் பார்த்தார். தமக்கு விற்கமாட்டார்கள் என்பதால், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் 650 டாலர் கொடுத்து வாங்கினார். நாளொன்றுக்குப் பலமுறை அளந்து, எந்த உணவுக்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கிட்டுத் தம் உடல்நிலையைச் சீராக்கிக்கொண்டார். இதைக் கட்டுரையாக எழுதியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. எனவே தமது 45-ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். பொறியாளருக்கு எண்ணும் வரைபடமும் கைவந்தவை என்பதும் இதற்கு உதவியிருக்க வேண்டும்.

கிளார்க்கின் மின்முனை

நிறப் பட்டைகள் ஒருபுறம் வளர்ந்துகொண்டிருந்தபோது, முற்றிலும் வேறொரு தேவையிலிருந்து மின்வழி உணரி பிறந்தது.

லீலண்ட் கிளார்க் (1918–2005) அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் உள்ள ஆன்டியோக் கல்லூரியைச் சார்ந்த ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர். இதய அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் இரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவியை அவர் உருவாக்கிவந்தார். இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை அளந்து காட்ட முடியாததால் அவரது கட்டுரை ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது என்று பின்னாளில் சொல்லப்படுகிறது. அளக்க வழி தேடியபோது ஒரு சிக்கல் குறுக்கே நின்றது. பிளாட்டினம் மின்முனையை நேரடியாக இரத்தத்தில் வைத்தால் புரதங்கள் அதன்மேல் படிந்து அளவு தவறிவிடும். கிளார்க் இரு மின்முனைகளையும் ஒரே மெல்லிய சவ்வுக்குப் பின்னால் வைத்தார். சவ்வு ஆக்சிஜனை விடும், புரதத்தைத் தடுக்கும். 1956-இல் வெளியான இந்த ஆக்சிஜன் மின்முனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1962-இல் கிளார்க்கும் அறுவை மருத்துவர் சாம்ப் லயன்ஸும் நியூயார்க் அறிவியல் கழக வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினர். அப்போது கிளார்க் அலபாமாவுக்கு இடம் மாறியிருந்தார். இதய அறுவை சிகிச்சையின்போது நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்க உதவும் மின்முனைகளைப் பற்றிய அக்கட்டுரையில், அடுத்த அறுபதாண்டுக் காலத் தொழிலுக்கான விதை இருந்தது. ஆக்சிஜன் மின்முனையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸை ஒரு மெல்லிய அடுக்காக வைத்து, சவ்வால் மூடினால் என்ன ஆகும்? குளுக்கோஸ் உள்ளே வரும்போது நொதி ஆக்சிஜனைச் செலவழிக்கும். மின்முனையை எட்டும் ஆக்சிஜன் குறையும். எவ்வளவு குறைந்ததோ அதிலிருந்து குளுக்கோஸின் அளவை அறியலாம். அடையாளம் காணும் மூலக்கூறையும் மின்முனையையும் ஒன்றாக இணைத்த முதல் கருத்து இது.

கிளார்க் பல துறைகளில் கை வைத்தவர். 1966-இல் ஃபிராங்க் கொல்லன் என்பவருடன் சேர்ந்து, ஆக்சிஜன் கரைத்த ஃபுளூரோகார்பன் திரவத்துக்குள் முழுக வைத்த சுண்டெலி திரவத்தையே சுவாசித்து உயிர் வாழ்வதைக் காட்டினார். அந்த எலியின் படத்தை அறிந்தவர்களில் பலருக்கு, தம் வீட்டு குளுக்கோமீட்டருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு தெரியாது.

நொதி மின்முனை என்ற பெயரை நிலைநாட்டியது ஸ்டூவர்ட் அப்டைக், ஜார்ஜ் ஹிக்ஸ் ஆகியோர் 1967-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை. அவர்கள் நொதியைப் பாலிஅக்ரிலமைடு கூழில் சிறைப்படுத்தினர். இதனால் ஒரே நொதியை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிந்தது. 1975-இல் யெல்லோ ஸ்பிரிங்ஸ் கருவி நிறுவனம் கிளார்க்கின் முறையில் அமைந்த ஆய்வகக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 25 மைக்ரோலிட்டர் இரத்தம் அதற்குப் போதும். விலையுயர்ந்த பிளாட்டினம் தேவைப்பட்டதால் ஆய்வகத்தை விட்டு அது வெளியே வரவில்லை.

எலக்ட்ரானுக்கு ஒரு தூதர்

வீட்டுக்கு வர இரண்டு தடைகள் இருந்தன. ஆக்சிஜனை நம்பியிருக்கும் உணரியில், இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்கினாலும் குளுக்கோஸ் அளவு மாறியதுபோல் தோன்றும். மாறாக ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கலாம் என்றால், அதற்குத் தேவையான மின்னழுத்தத்தில் இரத்தத்திலுள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம், காய்ச்சலுக்கு விழுங்கிய பாராசிட்டமால் ஆகியவையும் எலக்ட்ரானை இழந்து மின்னோட்டத்தைக் கூட்டிவிடும். இங்கே நொதி தவறு செய்யவில்லை. அது குளுக்கோஸை மட்டுமே பிடித்தது. செய்தியைக் கேட்கும் மின்முனைதான் யார் பேசினாலும் கேட்டுக்கொண்டது.

நொதியிலிருந்து எலக்ட்ரானை நேராக மின்முனைக்கு இழுக்கவும் வழியில்லை. எலக்ட்ரானை ஏந்தும் பகுதி புரதத்தின் உள்ளே ஆழமாகப் புதைந்திருக்கிறது. எனவே உள்ளே சென்று எலக்ட்ரானை வாங்கி வந்து மின்முனையில் கொடுக்கும் ஒரு தூது மூலக்கூறு தேவைப்பட்டது. 1984-இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களான டோனி காஸ், ஆலன் ஹில், அந்தோனி டர்னர் முதலியோர் ஃபெரோசீன் வகைச் சேர்மம் அந்தத் தூது வேலையைச் செய்யும் என்று காட்டினர். இரண்டு கரிம வளையங்களுக்கிடையே ஓர் இரும்பு அணு அமர்ந்திருக்கும் சேர்மம் அது. குறைந்த மின்னழுத்தத்திலேயே எலக்ட்ரானைத் தந்துவிடும். ஆக்சிஜனின் தேவையும் பெருமளவு குறைந்தது. பிளாட்டினத்துக்குப் பதில் கரிமப் பசையை அச்சுத் தொழிலில் மை பூசுவதுபோலப் பூசி மின்முனை செய்ய முடிந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஸ்டிரிப் இவ்வாறே சாத்தியமாயிற்று.

1987-இல் மெடிசென்ஸ் நிறுவனம் இம்முறையில் எக்ஸாக்டெக் என்ற கருவியை வெளியிட்டது. சட்டைப் பையில் செருகும் பேனா வடிவில் இருந்த அது 30 விநாடியில் எண்ணைக் காட்டியது. கழுவவோ துடைக்கவோ வேண்டியதில்லை.

அளப்பதால் பயன் உண்டா என்ற ஐயம் மருத்துவ உலகில் அப்போதும் இருந்தது. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு அதற்கு விடை தந்தது. அடிக்கடி அளந்து, சர்க்கரையை இயல்புக்கு அருகில் வைத்திருந்தவர்களில் விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: கடுமையான தாழ்சர்க்கரை நிகழ்வுகள் அவர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆயின. சர்க்கரையைக் கீழே கொண்டுவர முயல்பவருக்குச் சரியான எண் எவ்வளவு இன்றியமையாதது என்பது இதனால் விளங்கியது.

இரத்தத்தின் அளவைக் குறைத்தவர்களில் முதன்மையானவர் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆடம் ஹெல்லர். அவரது தெராசென்ஸ் நிறுவனத்தின் ஸ்டிரிப் 2000-ஆம் ஆண்டில் வந்தது. 0.3 மைக்ரோலிட்டர் இரத்தம் போதும். விரல் நுனிக்குப் பதில் முன்கையில் குத்தலாம், வலி தெரியாது. மாதிரியிலுள்ள குளுக்கோஸ் முழுவதையும் வினைபுரியச் செய்து, மொத்த மின்னூட்டத்தையும் கூட்டிப் பார்க்கும் முறை அது.

ஒரு சிறு கணக்கு: 100 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் சர்க்கரை உள்ள இரத்தத்தில் 0.3 மைக்ரோலிட்டரை எடுத்தால் அதிலுள்ள குளுக்கோஸ் 0.3 மைக்ரோகிராம்தான். மாம்பழம் உரித்த விரலில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் சர்க்கரை இதைவிடப் பன்மடங்கு. குத்துவதற்கு முன் கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைக்கும்படி சொல்வது வெறும் தூய்மைக்காக மட்டுமன்று.

மால்டோஸ் மரணங்கள்

ஸ்டிரிப் தயாரித்தவர்களுக்கு ஆக்சிஜன் தொல்லை முற்றிலும் நீங்கவில்லை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் இயல்பிலேயே ஆக்சிஜனை நாடும் நொதி. தூது மூலக்கூறோடு ஆக்சிஜன் போட்டி போடும். செயற்கை ஆக்சிஜன் பெறும் நோயாளியிடம் எண் குறைவாகக் காட்டும். ஆக்சிஜனைப் பொருட்படுத்தாத நொதி ஒன்று கிடைத்தால் நல்லது என்று தேடியபோது கிடைத்தது குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டு, பி.கியூ.கியூ. என்ற துணைக்காரணியோடு இயங்கும் அதன் வகை மிக வேகமானது. சில விநாடிகளில் விடை கிடைத்தது. பல நிறுவனங்கள் அதற்கு மாறின.

அந்த நொதி குளுக்கோஸை மட்டும் பிடிப்பதில்லை. மால்டோஸையும் பிடிக்கும், காலக்டோஸையும் பிடிக்கும். சாதாரண மனிதரின் இரத்தத்தில் மால்டோஸ் இருப்பதில்லை; உண்ணும் மாவுப்பொருள் குடலிலேயே குளுக்கோஸாகிவிடுகிறது. எனவே இது ஒரு குறையாக எவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் சிறுநீரகம் செயலிழந்து, வயிற்றறை வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம் செலுத்தப்படுகிறது. அது மாவுப்பொருளிலிருந்து செய்யப்பட்ட நீண்ட சங்கிலி. அதில் ஒரு பகுதி இரத்தத்தில் சேர்ந்து மால்டோஸாக உடைகிறது. இரத்தத்தில் அதை மேலும் உடைக்க ஆளில்லை. திரவத்தை நிறுத்திய பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் அது தங்கியிருக்கக் கூடும். இத்தகைய நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். செவிலியர் விரலில் குத்திப் பார்க்கிறார். மீட்டர் மால்டோஸையும் சேர்த்து எண்ணி மிக உயர்ந்த அளவைக் காட்டுகிறது. இன்சுலின் போடப்படுகிறது. உண்மையான குளுக்கோஸ் கீழே இறங்குகிறது. மீண்டும் பார்த்தால் மீட்டர் அப்போதும் உயர்வாகவே காட்டும், மீண்டும் இன்சுலின். நோயாளி ஏற்கெனவே மிகவும் நலிந்தவர் என்பதால் அவர் மயங்கிக் கிடப்பதை நோயின் போக்கு என்று நினைத்துவிடுவார்கள்.

2009 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. 1997 முதல் அதுவரை இவ்வகை ஸ்டிரிப்புகளோடு தொடர்புடைய 13 மரணங்கள் தன்னிடம் பதிவாகியிருப்பதாக அது தெரிவித்தது. அவற்றுள் 10 பேர் ஐகோடெக்ஸ்ட்ரின் பெற்றவர்கள். சில நோய் எதிர்ப்புப் புரத ஊசி மருந்துகளில் நிலைநிறுத்தும் பொருளாக மால்டோஸ் சேர்க்கப்படுவதும் அதே எச்சரிக்கையில் சுட்டப்பட்டது. முதல் எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்திருந்தும் மருத்துவமனைகளில் அந்த மீட்டர்கள் பயன்பாட்டில் இருந்தன. ஸ்டிரிப் பெட்டியினுள் மடித்து வைத்த தாளில் சிற்றெழுத்தில் இருந்த செய்தி, படுக்கையருகே நிற்கும் செவிலியரை எட்டவில்லை.

ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் பெனடிக்ட் கரைசல் செய்த அதே பிழை இது: சர்க்கரை இன்னதென்று பிரித்தறியாமை. அன்று அது சிறுநீர்க் குழாயில் ஒரு நிறமாக இருந்தது. இன்று திரையில் மூன்று இலக்க எண்ணாக, மிகத் துல்லியம்போலத் தோன்றியது. நம்பத் தூண்டும் தோற்றம்தான் கூடுதல் ஆபத்து.

பின்னர் நிறுவனங்கள் நொதியின் அமைப்பில் மரபணு வழி மாற்றம் செய்து மால்டோஸ் பிடிப்பைக் குறைத்தன. வேறு சில நிறுவனங்கள் பூஞ்சையிலிருந்து பெறும் எஃப்.ஏ.டி. வகை டிஹைட்ரஜனேஸுக்கு மாறின. அது மால்டோஸை விட்டுவிடுகிறது. சைலோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கிறது. சைலோஸ் மனித இரத்தத்தில் அரிது என்பதால் இப்போதைக்குத் தொல்லையில்லை.

துல்லியத்துக்கான அனைத்துலக நெறிமுறையும் இக்காலத்தில் இறுக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. விதி, உயர்ந்த அளவுகளில் 95 விழுக்காட்டு முடிவுகள் உண்மை அளவிலிருந்து 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்றது. 2013-இல் அது 15 விழுக்காடாயிற்று. அதாவது நெறிமுறைக்கு உட்பட்ட நல்ல கருவியே 200 என்பதை 170 என்றும் 230 என்றும் காட்ட இடமுண்டு. ஐந்து நிமிட இடைவெளியில் இருமுறை குத்தி, இரண்டு எண்ணும் வேறாக இருப்பதால் கருவி கெட்டுவிட்டதென்று முடிவு கட்டுவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

தோலுக்கு அடியில்

கிளார்க்கின் 1962 கட்டுரை பேசியது தொடர் கண்காணிப்பை. ஸ்டிரிப் தருவதோ ஒரு நொடியின் எண். தொடர் அளவீட்டுக்கு உணரி உடலுக்குள் தங்க வேண்டும். 1982-இல் ஜப்பானின் ஒசாகாவில் ஷிச்சிரி குழுவினர் ஊசி வடிவ உணரியைத் தோலடியில் செருகி, அணிந்துகொள்ளும் செயற்கைக் கணையமாக அதைப் பயன்படுத்திக் காட்டினர். சந்தைக்கு ஏற்ற முதல் கருவி அமெரிக்காவில் 1999-இல்தான் அனுமதி பெற்றது. அதுவும் மூன்று நாள் பதிவைச் சேமித்து மருத்துவரிடம் கொடுக்கும். அணிந்தவருக்கு எண்ணைக் காட்டாது.

தாமதத்துக்குக் காரணம் உடல். உள்ளே நுழைந்த அந்நியப் பொருளைச் சுற்றி உடல் செல்களையும் நாரிழையையும் குவித்து வேலி கட்டுகிறது. தோலடித் திரவத்தில் குளுக்கோஸோடு ஒப்பிட ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே குளுக்கோஸை மட்டுப்படுத்தி ஆக்சிஜனைத் தாராளமாக விடும் சவ்வு தேவைப்பட்டது. ஹெல்லர் வேறு வழி கண்டார். ஆஸ்மியம் அணுக்கள் பிணைந்த பாலிமரால் நொதியை மின்முனையோடு கம்பி இழுத்ததுபோல் இணைத்தார். ஆக்சிஜனும் வேண்டாம், தூது மூலக்கூறு கசிந்து உடலில் கலக்கும் அச்சமும் இல்லை. இம்முறையில் அமைந்த லிப்ரே உணரி 2014-இல் ஐரோப்பாவில் வந்தது. பதினான்கு நாள் கையில் இருக்கும். விரலில் குத்தி ஒத்துப்பார்க்கும் தேவையும் நீங்கியது.

தோலைத் துளைக்காமலே அளக்கும் ஆசை பலமுறை தோற்றது. தோல் வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் குளுக்கோஸை வெளியே இழுத்த குளுக்கோவாட்ச் 2001-இல் அமெரிக்க அனுமதி பெற்றது; தோல் எரிச்சலும் நம்பகக் குறைவும் அதைச் சில ஆண்டுகளிலேயே மறையச் செய்தன. கண்ணீரில் அளக்கும் கண்வில்லையை 2014-இல் கூகுள் அறிவித்தது; கண்ணீர்ச் சர்க்கரை இரத்தச் சர்க்கரையோடு போதிய அளவு ஒத்துப்போகவில்லை என்று 2018-இல் கைவிடப்பட்டது. துளைக்காமலே அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் இணையச் சந்தையில் இன்றும் உண்டு. அவற்றில் எதற்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

தோலடி உணரிகளிலும் பழைய பூதங்கள் வேறு உருவில் வருகின்றன. சிலவற்றில் பாராசிட்டமாலும், சிலவற்றில் மிகுதியான வைட்டமின் சியும், இரத்தப் புற்றுநோய்க்கும் அரிவாள் செல் நோய்க்கும் தரும் ஹைட்ராக்சியூரியாவும் எண்ணை உயர்த்திவிடும். நொதியே இல்லாமல், போரானிக் அமில வகை மூலக்கூறு குளுக்கோஸைப் பிடித்து ஒளிரும் எவர்சென்ஸ் உணரி 2018-இல் அனுமதி பெற்றது. மருத்துவர் தோலடியில் பதித்தால் தொடக்கத்தில் 90 நாளும், 2024-இல் அனுமதி பெற்ற வடிவில் ஓராண்டும் இயங்கும். மனிதர் வடிவமைத்த அடையாளம் காணும் மூலக்கூறு அது. அதற்கும், நரம்பு வழி ஏற்றும் மானிட்டால் குளுக்கோஸ்போலவே தோன்றிவிடுகிறது.

பிற மூலக்கூறுகள்

குளுக்கோஸில் வென்ற முறையைப் பிறவற்றுக்கும் விரிக்க இயலாதது ஏன் என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. முதற்காரணம் அளவு. ஒரு மனிதரின் இரத்தம் முழுவதிலும் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் உள்ளது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் புரதம், மூலக்கூறு எண்ணிக்கையில், அதைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல் குறைவு. இரண்டாவது காரணம், பெரும்பாலான மூலக்கூறுகளை மாற்றி எலக்ட்ரான் தரும் நொதி இல்லை. எதிர்ப்புரதங்கள் உண்டு, அவை இறுகப் பிடிக்கும், ஆனால் விடாது. கர்ப்பச் சோதனைப் பட்டைபோல ஒருமுறை சொல்வதற்கு அது போதும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தொடர்ந்து சொல்ல, பிடித்ததை விடவும் வேண்டும்.

1990-இல் இரு குழுக்கள் தனித்தனியே கண்ட ஆப்டமர் என்னும் நியூக்ளிக் அமில இழைகள் இதற்கு வழியாகலாம். இலக்கைப் பிடித்ததும் வடிவம் மாறி, நுனியிலுள்ள மின்சாயம் மின்முனையை நெருங்கும், விட்டதும் விலகும். கலிபோர்னியாவில் 2013-இல் வெளியான ஆய்வில் உயிருள்ள எலியின் இரத்தத்தில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தின் அளவு இவ்வாறு மணிக்கணக்கில் தொடர்ந்து அளக்கப்பட்டது. பல நாள் நிலைத்திருப்பதில்தான் தடை: இரத்தத்தில் இழைகள் சிதைகின்றன, மின்முனையின் மேற்பரப்பு மெல்லக் கெடுகிறது.

விலை மற்றொரு தடை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர்க்குப் பதினைந்து நாளில் எறிய வேண்டிய உணரி எட்டாத பொருள்; ஸ்டிரிப்பையே எண்ணி எண்ணிச் செலவிடுவோர் பலர். மூன்று மாதத்துக்கொருமுறை ஆய்வகத்தில் நரம்பிலிருந்து இரத்தம் கொடுத்து வருவதே அவர்களது வழக்கம். அந்த அறிக்கையின் ஓரத்தில், முறை என்ற இடத்தில், பெரும்பாலும் ஜி.ஓ.டி.–பி.ஓ.டி. என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். முல்லர் கரும்பூஞ்சையில் கண்ட குளுக்கோஸ் ஆக்சிடேஸும், ஃப்ரீ தம்பதியர் அதனுடன் சேர்த்துக் காகிதத்தில் உலர்த்திய பெராக்சிடேஸுமே அவை.